வாயில் கட்டுப்பாடு

ஊரிலுள்ளவர்களுக்கெல்லாம் "பயப்படாதீர்கள், நாங்கள் இருக்கிறோம்" என்று சொல்லிக் காப்பீடு விற்கிற நிறுவனம் அது. வீடு எரிந்தாலும் பயமில்லை, கப்பல் கவிழ்ந்தாலும் பயமில்லை என்று வாசலிலேயே பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் இருந்தவர்களைப் போன்ற பயந்தாங்கொள்ளிகளை நீங்கள் எங்கேயும் பார்த்திருக்க முடியாது. தங்கள் கணிப்பொறிகளுக்கு என்ன ஆகுமோ, ஏது ஆகுமோ என்று நடுங்கி, இடர் மேலாண்மைப் பிரிவு என்று ஒரு மாடியையே அதற்கு ஒதுக்கியிருந்தார்கள். மேல் மாடியில் இருந்தவர்களின் வேலை, கீழ் மாடிகளில் வேலை எதுவும் நடந்துவிடாமல் பார்த்துக்கொள்வது.

"கட்டுப்பாடு" என்பது அவர்களுடைய செல்லச் சொல். காலையில் கணிப்பொறியைத் திறந்ததும் "நான் நானேதான்" என்று தட்ட வேண்டும். பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து வந்து, முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "இவர் இவரேதான்" என்று தட்ட வேண்டும். அவர் அன்றைக்கு விடுப்பு என்றால் நீங்கள் நீங்கள் இல்லை. சாயங்காலம் வரை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். கடவுச்சொல்லை அடிக்கடி மாற்ற வேண்டும். பழையதில் இருந்த ஓர் எழுத்துகூடப் புதியதில் வரக்கூடாது. தமிழில் இருநூற்று நாற்பத்தேழு எழுத்து இருந்ததால் பிழைத்தார்கள். இல்லாவிட்டால் நிறுவனம் என்றைக்கோ படுத்திருக்கும்.

இதையெல்லாம் உண்டாக்கியவர் தலைமை இடர் அதிகாரி. நல்ல மனிதர்தான், சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. தன் கணிப்பொறியைத் தன் அனுமதி இல்லாமல் யாரும் திறக்கக்கூடாது என்றும், அந்த அனுமதி தன் கணிப்பொறியிலிருந்துதான் வர வேண்டும் என்றும் ஒருநாள் அவரே உத்தரவு போட்டார். மறுநாள் காலை அவரே திறக்கப் போனார். அனுமதி இல்லை. யாரிடம் கேட்பது? தன்னிடம்தான் கேட்க வேண்டும். தான் எங்கே? கணிப்பொறிக்குள்ளே. அன்று முழுக்கத் தன் வாசலில் தானே காத்துக் கிடந்துவிட்டு எழுந்தபோது அவருக்கு ஞானம் பிறந்தது. தேவையற்ற கட்டுப்பாடுகளைக் கண்டறியும் திட்டம் என்று ஒன்றை அறிவித்தார்.

அதற்கு ஆள் தேடியபோது எல்லோரும் நழுவினார்கள். இழப்பீட்டுப் பிரிவில் ஒரு பெண் இருந்தாள். யார் எந்தத் தாளை நீட்டினாலும் "ஏன்?" என்று கேட்டுவிட்டுத்தான் கையில் வாங்குவாள். அதனாலேயே அவளுக்கு ஏனம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். அதிகாரி அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏனம்மா, உங்க வியாதிக்கு ஏத்த வேலை ஒண்ணு வந்திருக்கு. எந்தெந்தக் கட்டுப்பாடு தேவையில்லைன்னு கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

"சொன்னா எடுத்துடுவீங்களா சார்?"

"கண்டுபிடிக்கிறது ஒரு திட்டம். எடுக்கிறது வேற திட்டம். அதுக்கு இன்னும் குழுவே போடலை."

வேறு யாராக இருந்தாலும் அப்போதே கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். ஏனம்மா சரி என்றாள். காரணம், எடுத்தே தீர வேண்டிய கட்டுப்பாடு ஒன்று அவள் மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அது அவள் புருஷனின் வாயில் இருந்தது.

அவள் புருஷனும் அதே நிறுவனம்தான், சர்வர் அறைத் தொழில்நுட்பர். பெரிய கணிப்பொறிகளெல்லாம் வரிசையாக நின்று குளிரில் முணுமுணுக்கிற அறை அது. அந்தக் காலத்தில் அவனுக்கு வானொலி என்று பட்டப்பெயர். வாயைத் திறந்தால் நிறுத்துவதற்கு விசை கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில், கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டே, தான் ஏன் குடை கொண்டுவரவில்லை என்று மழை விடும்வரை விளக்கினான். பக்கத்தில் குடையோடு நின்ற ஏனம்மா அந்தப் பேச்சில் அங்கேயே விழுந்துவிட்டாள். இவள் "ஏன்?" என்று ஒரு சொல் கேட்டால் அவன் ஒன்பது சொல்லுவான். ஜாடிக்கேற்ற மூடி என்று இரண்டு வீட்டிலும் சந்தோஷப்பட்டார்கள்.

பிறகு அவனைச் சர்வர் அறைக்கு மாற்றினார்கள். அங்கேதான் வாயில் கட்டுப்பாடு இருந்தது. "கணிப்பொறி மையங்களில் வாயில் கட்டுப்பாடு கட்டாயம்" என்று என்றைக்கோ மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்து, அது சுவரில் பலகையாகத் தொங்கியது. அதன்படி, உள்ளே நுழைகிற ஒவ்வொருவரும் டப்பாவிலிருந்து ஒரு பெப்பர்மின்ட் மிட்டாயை எடுத்து வாயில் அடக்கிக்கொள்ள வேண்டும். அதுதான் கட்டுப்பாடு. வெளியே வரும்வரை பேசக்கூடாது, வேறு சத்தமும் கூடாது. கரைந்துவிட்டால் இன்னொன்று. பேச்சில் ஈரம் இருக்கிறது, ஈரம் இயந்திரத்துக்கு ஆகாது என்று அதிகாரி ஒரு விளக்கமும் வைத்திருந்தார்.

நாள் முழுக்க வாயைக் கட்டியவனுக்கு வீட்டுக்கு வந்தும் அது அவிழவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் கட்டைவிரலை வாய்ப்பக்கம் காட்டுவான். உப்புக் குறைவென்றால் இரண்டு விரலைத் தேய்ப்பான். ஒருநாள் மனசு கேட்காமல் ஏனம்மா, "ஏங்க, என்னை உங்களுக்குப் பிடிக்குதா இல்லையா?" என்று கேட்டாள். அவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். சர்வர் ஓடுகிறதா என்று கேட்டாலும் அதே கட்டைவிரல்தான் காட்டுவான் என்பது அவளுக்குத் தெரியும். அன்றைக்குச் சமையலறையில் போய் நின்று அழுதாள்.

அதற்கு மேல் குழந்தை. பள்ளிக்கூடத்து டீச்சர் ஏனம்மாவைத் தனியே அழைத்து, "தப்பா நினைக்காதீங்க. உங்க பொண்ணுக்குப் பேச்சு வருமில்லையா?" என்று கேட்டார். பேர் என்ன என்றால் அது சிரிக்கிறதாம். பசிக்கிறதா என்றால் வயிற்றைத் தட்டுகிறதாம். நாலு வயசு முடியப் போகிறது. வீட்டில் வானொலி ஓய்ந்துவிட்டது, ஏனம்மா எது கேட்டாலும் சைகைதான் பதில்; குழந்தை யாரைப் பார்த்துப் பேசும்?

ஏனம்மா எடுத்த எடுப்பில் வாயில் கட்டுப்பாட்டின்மேல் கைவைக்கவில்லை. சின்னதில் ஆரம்பித்தாள். தினமும் சாயங்காலம் எல்லாத் தகவலையும் காந்த நாடாவில் நகல் எடுத்து இரும்புப் பெட்டியில் பூட்டுவார்கள்.

"சார், அந்த நாடாவை வாசிக்கிற மிஷினைப் பழைய இரும்புக்குப் போட்டு ரொம்ப காலமாச்சு. இனிமே அதை யாராலயும் வாசிக்க முடியாது. ஏன் இன்னும் எடுக்கிறோம்?"

அதிகாரி சிரித்தார். "யாராலயும் வாசிக்க முடியாதுன்னா திருடனாலயும் வாசிக்க முடியாதுல்ல? இதைவிடப் பாதுகாப்பு உலகத்துல உண்டா? இது தேவையான கட்டுப்பாடு."

"தினமும் ஒரு பாதுகாப்பு அறிக்கை பழைய அதிகாரி பேருக்கு மின்னஞ்சல்ல போகுது. அவர் ஓய்வு பெற்றுப் போயிட்டாரே சார்."

"அதனாலதான் இன்னைவரைக்கும் அதுல அவர் ஒரு குறைகூடச் சொல்லலை. இதுவும் தேவை."

கல்லில் நார் உரிப்பது என்றால் என்ன என்று ஏனம்மாவுக்கு அன்றைக்குப் புரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுவிட்டாள். "அப்ப சர்வர் அறையில வாயில் கட்டுப்பாடு?"

அதிகாரியின் சிரிப்பு நின்றது. "அதுல மட்டும் கைவைக்காதீங்க. அது தாய்க் கட்டுப்பாடு. மத்ததெல்லாம் அது பெத்த பிள்ளைங்க."

"அது எந்த ஆபத்தைத் தடுக்குது சார்?"

"அது வந்ததிலிருந்து ஒரு ஆபத்தும் வரலையே! வந்தாத்தானே எதைத் தடுக்குதுன்னு தெரியும்?"

"ஒருநாள் மேல்கூரையிலிருந்து தண்ணி சொட்டுச்சே. என் வீட்டுக்காரர் பார்த்துட்டு, கையை மேலயும் கீழயும் ஆட்டிக் காட்டினார். கூட இருந்தவர் கழிப்பறைச் சாவியை எடுத்து நீட்டினார். அதுக்குள்ள ரெண்டு சர்வர் நனைஞ்சு போச்சு. வாயைத் தொறந்து 'தண்ணி'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?"

"அது கட்டுப்பாட்டோட குறையில்லை, சைகையோட குறை. சைகை அகராதி போட ஒரு குழு அமைச்சாச்சு. தண்ணிக்கும் கழிப்பறைக்கும் நடுவுல என்ன வித்தியாசம்னு போன கூட்டத்துல முழுக்கப் பேசினோம். இன்னும் முடிவு வரலை." பிறகு கொஞ்சம் இரங்கி, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "பாருங்கம்மா, ஒரு கட்டுப்பாட்டை எடுத்தா ஒரு ஆபத்து மிஞ்சும். அதைத் தெரிஞ்சே வச்சுக்கிறதா இருந்தா 'இடர் ஏற்கப்பட்டது'ன்னு ஒருத்தர் எழுதிக் கையெழுத்துப் போடணும். இந்தக் கட்டடத்துல இதுவரைக்கும் ஒரு பயலும் போட்டதில்லை. அதுக்கு நெஞ்சுல தைரியம் வேணும். நான் பிள்ளைகுட்டிக்காரன்."

அத்தோடு விட்டாரா? இல்லை. வாயில் கட்டுப்பாட்டின் பெருமையை ஏனம்மா நினைவூட்டியதற்கு நன்றி சொல்லி, மாதக் கடைசி விழாவிலிருந்து அதைக் கட்டடம் முழுவதற்கும் விரிவுபடுத்தப் போவதாக அறிவித்தார். அதே விழாவில், சர்வர் அறையில் வாயைத் திறக்காமல் ஒழுக்கம் காத்த ஒருவருக்கு "வாய்க்காவலர்" விருது. பெப்பர்மின்ட் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. ஏனம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதையாகிவிட்டதே! அவன் வாய் திறக்கும் என்று போனவளுடைய வாயும் சேர்ந்து மூடப் போகிறது. இனி அந்த வீட்டில் குழந்தைக்கு ஒரு சொல் சொல்லித்தர நாதியில்லை.

கடைசி முயற்சியாக, நேரில் பார்வையிடுகிறேன் என்று சர்வர் அறைக்குப் போனாள். மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு நுழைந்தாள். ஒரே குளிர். அங்கங்கே ஆட்கள் ஊமைக்கூத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். வானொலி அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். அறையின் மறுகோடியில் பின்கதவு திறந்து கிடந்தது. மூடிக்கொள்ளாதபடி ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். அதன் பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர் கைகட்டி, கண்மூடி, கன்னத்தில் மிட்டாய் புடைக்க அமர்ந்திருந்தார். அது யார் என்று அவள் புருவத்தால் கேட்டாள். வானொலி இரண்டு விரலை வளையமாக்கிக் கண்ணில் வைத்துக் காட்டினான். தணிக்கையாளராம். தணிக்கையாளர் குறட்டை விடுவாரா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் அதைச் சைகையில் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

விழா நாள் வந்தது. மேடையில் நிறுவனத் தலைவர் உட்கார்ந்திருந்தார். பின்னால் அந்தப் பழைய பலகையைக் கழற்றிவந்து விளக்குப் போட்டு மாட்டியிருந்தார்கள். அதிகாரி மைக்கைப் பிடித்தார்.

"பேசினா தப்பு வெளிய தெரியும். தெரிஞ்சா அதைச் சரிபண்ணணும். சரிபண்ணப் போனா அதுல ஒரு இடர். ஆக, எல்லா இடருக்கும் மூலம் பேச்சு! சர்வர் அறையிலிருந்து இத்தனை காலமா ஒரு புகார்கூட வந்ததில்லை. ஏன்? அங்க சொல்றதுக்கு யாருக்கும் வாயில்லை. இந்தச் சாதனையை எல்லா மாடிக்கும் கொண்டுபோகப் போறோம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு விருது. பெயர் ஊழியர் பட்டியலில் இல்லாததால் "பின்கதவு நாற்காலிக்காரர்" என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெரியவர் கூச்சத்தோடு மேடையேறினார். தலைவர் கேடயத்தைக் கொடுத்துவிட்டு, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். பெரியவர் மிட்டாயைக் கையில் துப்பிக்கொண்டு மைக்கைப் பார்த்தார். மைக்கைப் பிடித்தால் யாருக்கும் செந்தமிழ் தானாக வந்துவிடும்; அவருக்கும் வந்தது.

"பெரியோர்களே, வணக்கம். அடியேன் தங்களது பின்பக்க வாயில் வழியாக உள்ளே வந்தவன்."

"நீங்க எந்தப் பிரிவு?" என்று அதிகாரி மெல்ல எடுத்துக்கொடுத்தார்.

"இஸ்திரிங்க."

"இஸ்திரிப் பிரிவா? அது எந்த மாடி?"

"மாடியெல்லாம் இல்லீங்க, பின்னாடி தெருவுல கடை." செந்தமிழ் அத்தோடு தீர்ந்துபோயிற்று. "நாளெல்லாம் துணி தேய்ச்சு உடம்பு வெந்து போகுதுங்க. ஒருநாள் இந்தப் பக்கம் ஜில்லுனு காத்து வந்துச்சு. கதவு தொறந்து கிடந்துச்சு, வந்து உக்காந்தேன். ஒருத்தர் மிட்டாய் குடுத்தார். அன்னையிலிருந்து மத்தியானத் தூக்கம் இங்கதான். ஏன் வந்தே, யாருய்யா நீ, ஒரு வார்த்தை கேக்கணுமே! இப்படி மரியாதை தெரிஞ்ச ஆபீஸை நான் பார்த்ததே இல்லீங்க. உங்க சட்டைகூட நான்தான் சார் தேய்க்கிறேன்."

அதிகாரி தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். அவையும் அந்தச் சட்டையைப் பார்த்தது. ஏனம்மாவுக்கு மட்டும் பெரியவர் சொன்ன முதல் வாக்கியம் காதில் சுற்றிக்கொண்டே இருந்தது. பின்பக்க வாயில். வாயில் வழியாக. நிமிர்ந்து பலகையைப் பார்த்தாள். அடப்பாவிகளா!

"சார்!" என்று கத்திக்கொண்டே எழுந்துவிட்டாள். "அது வாய் இல்லை சார். வாயில்! வாசல் சார், வாசல்! கதவைக் காவல் காக்கச் சொல்லியிருக்காங்க. நாம வாயை மூடிட்டுக் கதவைத் தொறந்து போட்டிருக்கோம்!"

எல்லோரும் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. அதிகாரிக்குக் கோபம் வந்துவிட்டது.

"வாசல்னா வாயிற் கட்டுப்பாடுன்னு 'ற்' போட்டுல்ல எழுதணும்? புணர்ச்சி விதின்னு ஒண்ணு இல்லையா? 'ற்' போட்டிருந்தா நான் பூட்டியிருக்க மாட்டேனா? ஒரு எழுத்து இல்லாததுக்கு நான் பொறுப்பா? நான் உத்தரவைப் படிக்கிறவன். அர்த்தம் பார்க்கிறது என் பிரிவில்லை!"

தலைவர் குறுக்கிட்டார். "அதெல்லாம் இருக்கட்டும். அந்தக் கதவைத் தொறந்து வச்சது யாரு?"

அதிகாரி சர்வர் அறை ஆட்களைப் பார்த்தார். வானொலி எழுந்தான். இரண்டு கையையும் கதவு மாதிரி ஆட்டி, காதைப் பொத்தி, செங்கல் அளவுக்கு விரலை விரித்துக் காட்டினான். மேடையில் இருந்தவர்கள் விழித்தார்கள். யாரோ ஒருவர் ஓடிப்போய்க் கழிப்பறைச் சாவியைக் கொண்டுவந்தார்.

"ஏங்க!" ஏனம்மாவின் குரல் உடைந்தது. "உங்க கால்ல விழறேன். வாயைத் தொறந்து சொல்லுங்க!"

வானொலி அவளைப் பார்த்தான். அதிகாரியைப் பார்த்தான். மிட்டாயை மடக்கென்று விழுங்கினான்.

"கீல்..." என்றான். குரல் துருப்பிடித்திருந்தது. கனைத்துக்கொண்டான். "கீல் கிறீச்சுன்னு சத்தம் போடும் சார். அறையில சத்தமே கூடாதுன்னு உத்தரவு. எண்ணெய் போடலாம்னு பார்த்தேன், எண்ணெய் வேணும்னு கேக்கணும்னா பேசணும். கையால எண்ணெய்னு காட்டினேன், தலைவலித் தைலம் வாங்கிக் குடுத்தாங்க. அதைத்தான் கீல்ல போட்டேன் சார், கதவு மணந்துச்சே தவிர சத்தம் போகலை. சரி, தொறந்தே இருந்தா சத்தம் வராதேன்னு செங்கல்லை வச்சேன். அந்தச் செங்கல் எங்க கிடைச்சதுன்னு கேட்டீங்கன்னா, அது ஒரு தனிக் கதை..."

அதையும் சொன்னான். அதற்குப் பின் தண்ணீர் சொட்டிய கதையைச் சொன்னான், நாடா கதையைச் சொன்னான். தலைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கட்டடத்தில் என்னென்ன ஓட்டை இருக்கிறதென்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது. ஏனம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டே அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வாயில் கட்டுப்பாடு, தன் குறிக்கோளை முழுவதுமாக அடைந்துவிட்டதால் முடித்துக்கொள்ளப்படுகிறது என்று அதிகாரி சுற்றறிக்கை விட்டார். பின்கதவுக்குப் பூட்டு வந்தது, கீலுக்கு எண்ணெய் வந்தது. இனி வரும் எல்லா உத்தரவுகளிலும் "ற்" சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு புதிய கட்டுப்பாடும் வந்தது. இஸ்திரிக்காரர் கேடயத்தைக் கடையில் மாட்டிக்கொண்டார். மிச்சமிருந்த பெப்பர்மின்ட் மூட்டைகளை என்ன செய்வதென்று இன்றுவரை குழு கூடிக்கொண்டிருக்கிறது.

விழா முடிந்த அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ஏனம்மா, வானொலி, பள்ளியிலிருந்து கூட்டிவந்த குழந்தை மூவரும் பேருந்து நிறுத்தத்தில் ஒரே குடைக்குள் ஒண்டி நின்றார்கள். தான் ஏன் குடை கொண்டுவரவில்லை என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தான். பேருந்து வந்தது, ஏறினார்கள், சொல்லிக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்து தலை துவட்டும்போது துண்டுக்குள்ளிருந்து சொன்னான். தட்டின் முன்னால் உட்கார்ந்து, உப்புக் குறைவு என்பதையும், உப்பு எத்தனை வகைப்படும் என்பதையும், "உன்னைப் பிடிக்குமான்னு அன்னைக்குக் கேட்டியே, அதுக்கு என்ன சொல்ல நினைச்சேன்னா" என்று ஆரம்பித்து அதையும் சொன்னான். அது நீளமான பதில். ஏனம்மா கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றாள்.

குழந்தை முதலில் வாயைப் பிளந்து பார்த்தது. பிறகு சிரித்தது. பிறகு காதைப் பொத்திக் காட்டியது. அப்பா கவனிக்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து, வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தது.

"அம்மா, அப்பா எப்ப நிறுத்துவாங்க? நான் எப்பப் பேசறது?"

ஏனம்மா குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இனி இந்த வீட்டில் காதுக்கு ஓய்வே கிடையாது என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"இடர் ஏற்கப்பட்டது," என்றாள்.

"என்னது?" என்றான் வானொலி.

"ஒண்ணுமில்லை. நீங்க சொல்லுங்க. ஏன்?"